பின்னால் நடப்பதைப் பாருங்கள்: 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' படத்தை ரசிக்கச் சில யோசனைகள்

2015 உளவாளிகளுக்கு நெரிசலான வருடம். ஆண்டுத் தொடக்கத்திலேயே 'கிங்ஸ்மேன்' வந்து கூட்டத்தை அள்ளியது. ஜூனில் 'ஸ்பை', ஜூலைக் கடைசியில் 'மிஷன் இம்பாசிபிள்' வரிசையில் ஐந்தாவது, அக்டோபரில் பாண்ட். இத்தனைக்கும் நடுவில் ஆகஸ்ட் 14 அன்று கை ரிட்சி இயக்கிய 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' வெளியானது. அதே வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் வந்த 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' முதல் மூன்று நாளில் 6 கோடி டாலர் வசூலிக்க, இந்தப் படத்துக்குக் கிடைத்தது சுமார் 1.3 கோடி. செலவு ஏழரைக் கோடி டாலர், உலகம் முழுக்க வசூல் ஏறக்குறைய 11 கோடி. தியேட்டர்காரர்கள் பங்கைக் கழித்தால் கையைக் கடித்த கணக்குதான். இரண்டாம் பாகம் வரவேயில்லை.

ஓடாத படம் என்றால் மொக்கைப் படம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். வருடங்கள் கழித்து ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேறு எதுவும் இல்லையே என்று இதைப் போட்டவர்கள்தான் "இது எப்படிக் கண்ணில் படாமல் போச்சு?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்குச் சமமாக, பாதியில் நிறுத்திவிட்டு "ஒண்ணுமே நடக்கலையே" என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே படத்தைத்தான். பார்த்த விதம்தான் வேறு.

தலைப்பிலிருந்தே குழப்பம் ஆரம்பிக்கிறது. 'அங்கிள்' என்பது மாமாவைக் குறிப்பதல்ல, ஒரு கற்பனை உளவு நிறுவனத்தின் முதலெழுத்துகள். 1964 முதல் 1968 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஓடிய தொடரின் பெயர் இது. ராபர்ட் வானும் டேவிட் மெக்கல்லமும் நடித்தார்கள். நெப்போலியன் சோலோ என்ற பாத்திரத்தின் பெயர், பாண்டை உருவாக்கிய இயன் ஃப்ளெமிங் கொடுத்தது. அமெரிக்காவும் சோவியத்தும் அணுப்போர் விளிம்புக்கே போன கியூபா ஏவுகணை நெருக்கடி நடந்து இரண்டே வருடம் ஆன நேரத்தில், ஓர் அமெரிக்க உளவாளியும் ஒரு சோவியத் உளவாளியும் கூட்டாளிகள் என்று வீட்டு டிவியில் காட்டியது அன்று பெரிய துணிச்சல். அந்த அலை நம் பக்கமும் அடித்தது. ஜெய்சங்கருக்கு 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று பட்டம் கிடைத்தது அதே காலத்தில்தான். 2015-இன் இளைஞர்களுக்கு இந்தத் தொடர் தெரியாது. தெரிந்தவர்கள் சனிக்கிழமை இரவு தியேட்டருக்குப் போகிற வயதைத் தாண்டியிருந்தார்கள். படத்திலும் அந்தப் பெயர் கடைசிக் காட்சியில்தான் வருகிறது.

கதை 1963-இல் நடக்கிறது. சி.ஐ.ஏ.வுக்கு வேலை பார்க்கும் பழைய கலைப்பொருள் திருடன் சோலோ (ஹென்றி கேவில்), சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.யின் இலியா குரியாகின் (ஆர்மி ஹாமர்), கிழக்கு பெர்லினில் கார் மெக்கானிக்காக இருக்கும் காபி (அலிசியா விகாண்டர்). காபியின் அப்பா அணு விஞ்ஞானி, அவரைக் காணவில்லை. மூவரும் ரோமுக்குப் போய், ஒரு பணக்காரக் குடும்பத்தின் கைக்கு அணுகுண்டு போகாமல் தடுக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. இதில் திருப்பம் தேடி உட்கார்ந்தால் ஏமாற்றம் நிச்சயம். பத்து நிமிடத்துக்கு ஒரு வெடிகுண்டை எதிர்பார்த்தாலும் அப்படியே. துப்பாக்கிச் சண்டை இந்த வகைப் படத்துக்குக் குறைச்சல்.

இதன் சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான காமெடி ஆக்‌ஷன் படங்களில் சிரிப்பு வசனத்தில் இருக்கும். ஹீரோ அடித்துவிட்டு ஒரு கவுன்டர் கொடுப்பார், நாம் சிரிப்போம், சண்டை தொடரும். இங்கே சிரிப்பு ஃபிரேமின் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்னால் ஒருவர் சாவகாசமாக ஏதோ செய்துகொண்டிருப்பார், பின்னால் பெரிய கலவரம் நடக்கும். இது பிடிபட்டுவிட்டால் படம் தானாகத் திறந்துகொள்ளும்.

படகுத் துரத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நேரம், சுற்றி அடைபட்ட படகுத்துறை. சோலோவும் இலியாவும் விசைப்படகில் தப்பிக்கப் பார்க்கிறார்கள், காவலர்கள் படகுகளில் துரத்துகிறார்கள். ஒரு திருப்பத்தில் சோலோ தண்ணீரில் தூக்கி எறியப்படுகிறார். நீந்திக் கரையேறி, அங்கே நிற்கும் ஒரு லாரியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். யாரோ ஓட்டுநர் வைத்துவிட்டுப் போன சாப்பாடு இருக்கிறது: சாண்ட்விச், வைன். ரேடியோவைத் திருகினால் பெப்பினோ கலியார்டியின் உருக்கமான இத்தாலியப் பாட்டு. சோலோ சாப்பிடுகிறார். அவருக்குப் பின்னால், கண்ணாடியில், இலியாவின் படகு சுற்றிச் சுற்றி ஓடுகிறது, சுடுகிறார்கள், தீப்பிடிக்கிறது. வெடிச் சத்தம் எல்லாம் பாட்டுக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிறது. கேமராவுக்கு அவசரமே இல்லை. வசனம் கிடையாது. கடைசியில் மனசு கேட்காமல் ஒரு பெருமூச்சோடு லாரியைக் கிளப்புகிறார் பாருங்கள், அந்த ஒரு நொடியில் இரண்டு எதிரிகள் கூட்டாளிகள் ஆகிவிடுகிறார்கள். வேறு இயக்குநராக இருந்தால் இதற்கு மூன்று பக்க வசனம் எழுதியிருப்பார்.

இந்தக் காட்சி ஓடும்போது ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் காதில் விழுவது ஒரு பழைய பாட்டு மட்டும். "ஒண்ணுமே நடக்கலையே" என்று அவர் சொல்வதில் தப்பே இல்லை. மற்ற மசாலாப் படங்களைச் சமையல் செய்துகொண்டே காதால் பார்த்துவிடலாம், இதை அப்படிப் பார்க்க முடியாது. அதே மாதிரி இன்னொரு காட்சி பிற்பாதியில் வருகிறது: ஒரு வில்லனை என்ன செய்யலாம் என்று இருவரும் கண்ணாடிக்கு வெளியே நின்று நாகரிகமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் பாருங்கள். இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும்.

இதெல்லாம் வேலை செய்வதற்கு இன்னொரு காரணம், படத்தில் இருக்கும் யாருக்கும் இது காமெடிப் படம் என்று தெரியாததுதான். எலிசபெத் டெபிக்கி நடித்த வில்லி ஒரு தடவைகூடக் கோமாளித்தனம் செய்வதில்லை. குரலை உயர்த்தாமல் மிரட்டுகிறார். இலியாவுக்குக் கோபம் ஏறும்போது விரல்கள் துடிக்கின்றன. அது சிரிப்புக்காக வைத்ததில்லை, அடுத்து ஏதோ உடையப் போகிறது என்ற எச்சரிக்கை. அவரிடம் அப்பாவின் கைக்கடிகாரம் ஒன்று இருக்கிறது. ரோமில் ஒரு கட்டிடக்கலை நிபுணராக வேஷம் போட்டிருக்கும்போது, வேஷம் கலையாமல் இருக்க, அதைத் திருடர்களிடம் பறிகொடுத்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடிகாரத்தை மறக்காதீர்கள், கடைசி வரை அதற்கு வேலை இருக்கிறது. விளையாட்டான படத்திலும் யாராவது ஒருவருக்கு உண்மையிலேயே வலிக்க வேண்டும். அது இல்லாத உளவு காமெடிகள்தான் நாற்பதாவது நிமிடத்தில் கொட்டாவி வரவைக்கின்றன.

இனி வீட்டில் போட்டுப் பார்க்கும் விஷயம். பின்பக்கத்தில் சிரிப்பு இருக்கும் படத்துக்கு டிவி அமைப்பு ரொம்பவே முக்கியம்.

படம் 2.39:1 அகலத்தில், அதாவது உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலத்தில் எடுக்கப்பட்டது. 43 அங்குல டிவியின் திரை ஏறக்குறைய 95 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். இந்தப் படம் அதில் 40 செ.மீ. உயரம்தான் எடுத்துக்கொள்ளும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். பட்டை கண்ணை உறுத்துகிறதே என்று ரிமோட்டில் 'ஜூம்' போட்டுத் திரையை நிரப்பினால் படத்தின் அகலத்தில் கால்வாசி வெட்டுப்பட்டுப் போகும். மற்ற படங்களில் போவது ஏதோ மரமும் சுவரும். இந்தப் படத்தில் போவது சிரிப்பே. அதிலும் கடைசிப் பகுதியில் தீவைத் தாக்கும் காட்சி, திரையை நாலைந்து கட்டங்களாகப் பிரித்துப் பிரித்துக் காட்டுவது. ஜூம் போட்டால் ஓரக் கட்டங்கள் பாதி காணாமல் போய், யார் எங்கே ஓடுகிறார்கள் என்றே புரியாது. பட்டையோடு பாருங்கள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுங்கள்: 43 அங்குலத்துக்கு ஐந்து, ஐந்தரை அடி தூரம் சரி. நம் ஹால்களில் சோபா பத்தடி தள்ளி இருப்பதுதான் வழக்கம். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் ஓடும் படகு ஒரு புள்ளி.

அடுத்தது, அசைவை வழவழப்பாக்கும் வசதி. சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று பெயர். புது டிவிகளில் பெரும்பாலும் இது ஆன் ஆகியே வரும். நொடிக்கு 24 ஃபிரேம் உள்ள படத்துக்கு நடுவில் டிவியே புது ஃபிரேம்களை உருவாக்கிச் செருகும். விளைவு, 1963-இன் ரோம் நகரம் நேற்று எடுத்த சீரியல் மாதிரித் தெரியும். ஜான் மேத்தீசனின் ஒளிப்பதிவும் ஜோனா ஜான்ஸ்டனின் உடைகளும் அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரம் போலத் தெரிவதற்காகத்தான் அத்தனை மெனக்கெட்டிருக்கிறார்கள். அதை அணைத்துவிடுங்கள். டிவியில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே போதும், இதுவும் சேர்ந்து அணைந்துவிடும், நிறமும் ஒழுங்காகும். பிறந்ததிலிருந்து 'விவிட்' மோடிலேயே ஓடும் டிவியில் இந்தப் படத்தின் வெயில் நிறம் ஆரஞ்சு மிட்டாய் ஆகிவிடுகிறது.

ஒலி இன்னும் முக்கியம். டேனியல் பெம்பர்டனின் பின்னணி இசையைப் படத்தின் நான்காவது நடிகர் என்றே சொல்லலாம். ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து முழங்காமல், மூச்சுக்காற்று கேட்கிற புல்லாங்குழல், ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய காலத்துக் கட்டை வாத்தியம்), முன்னுக்கு வந்து நிற்கும் பேஸ் கிட்டார், கைத்தாளம் என்று 1960களின் ஐரோப்பியப் படங்களுக்குப் போயிருக்கிறார். எடிட்டிங் பல இடங்களில் இந்தத் தாளத்துக்கே வெட்டப்பட்டிருக்கிறது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காது, புல்லாங்குழல் கீச்சிடும். சவுண்ட்பார் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் ஹெட்போன்கூட டிவி ஸ்பீக்கரைவிட எவ்வளவோ மேல். ஆப்பில் ஒலியைத் தேர்ந்தெடுக்கும்போது, 5.1 சாதனம் (சுற்றிலும் ஸ்பீக்கர் வைக்கும் சரவுண்ட் அமைப்பு) இல்லாதவர்கள் 5.1-ஐத் தொடாதீர்கள், ஸ்டீரியோவைப் போடுங்கள். 5.1-இல் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று வைக்கப்பட்டிருக்கும். டிவி அதை இரண்டாகக் கலக்கும்போது பேச்சு கம்மியாகவும் வெடி ஜாஸ்தியாகவும் ஆகி, ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டிவரும். 'க்ளியர் வாய்ஸ்' மாதிரியான வசதி பேச்சைத் தூக்கிக் கொடுக்கும், கூடவே இசையை அமுக்கிவிடும். இந்தப் படத்துக்கு அது நஷ்டம்.

மொழி விஷயத்தில் ஆங்கில ஒலியும் சப்டைட்டிலும்தான் என் சிபாரிசு, அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கராக நடிக்கும் கேவில் பிரிட்டிஷ்காரர். ரஷ்யராக நடிக்கும் ஹாமர் அமெரிக்கர். ஜெர்மன் பெண்ணாக நடிக்கும் விகாண்டர் ஸ்வீடன்காரர். இத்தாலிய வில்லி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். எல்லோருமே இன்னொருவர் உச்சரிப்பைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் உளவாளி வேஷமும் போடுகிறார்கள். சோலோவின் மெழுகு பூசின ஆங்கிலமும் இலியாவின் கட்டைக் குரலும் மோதுவதில்தான் பாதி காமெடி. டப்பிங்கில் எல்லோரும் ஒரே ஸ்டூடியோ தமிழோ ஹிந்தியோ பேசினால் அந்த மோதல் கரைந்துவிடும். சண்டைகளுக்கு மட்டும் என்றால் டப்பிங் பரவாயில்லை.

முதல் கால் மணி நேரத்திலேயே படம் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். கிழக்கு பெர்லினில் ஒரு கார் துரத்தல் வருகிறது. ஃபெராரியும் இல்லை, ஆஸ்டன் மார்ட்டினும் இல்லை. வார்ட்புர்கும் ட்ராபன்ட்டும்: கிழக்கு ஜெர்மனியின் கார்கள், நம் ஊர்ப் பழைய யெஸ்டி, ராஜ்தூத் போல இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின். வேகம் குறைவு என்பதால் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது ஒரு நொடிகூடக் குழம்புவதில்லை. ஒரு கட்டத்தில் இலியா காரை விட்டு இறங்கி ஓடியே துரத்துகிறார், ஓடும் காரின் டிக்கியைப் பிடித்து இழுக்கிறார், டிக்கி மூடி கையோடு வருகிறது. அதைப் பின் கண்ணாடி வழியாகப் பார்க்கும் சோலோவின் முகத்தில் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகம். இந்த இடத்தில் உதடு லேசாகக்கூட விரியவில்லை என்றால் படத்தை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மிச்சம் ஒன்றே முக்கால் மணி நேரம் மிச்சப்படும்.

சறுக்கும் இடங்களும் உண்டு. முதலில் ஒரு காட்சியைக் காட்டிவிட்டு, "உண்மையில் நடந்தது இது" என்று பின்னோக்கிப் போய் மறைத்ததைக் காட்டும் தந்திரம் ரிட்சிக்கு ரொம்பப் பிடித்தது. முதல் தடவை ஜோர். திரும்பத் திரும்பச் செய்யும்போது சலிப்பு வருகிறது. கடைசித் துரத்தல் பெர்லின் துரத்தலின் தெளிவுக்குப் பக்கத்தில் வராது. மேடு பள்ளத்தில் குலுங்கும் கேமரா, வேகவேகமான வெட்டு, புழுதி. அதற்கு முன்னால் தீவுத் தாக்குதலைக் கட்டம் கட்டமாகச் சுருக்கி முடித்ததும், பெரிய சண்டையை எடுக்கச் சோம்பல்பட்ட மாதிரித்தான் இருக்கிறது. (கட்டங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, அது வேறு.) பிரிட்டிஷ் நடிகர் ஹ்யூ கிரான்ட் வந்தவுடன் படம் இன்னொரு கியருக்கு மாறுகிறது, அவருக்குக் கொடுத்திருக்கும் நேரமோ சொற்பம். காலப் பிழையைப் பிடிக்கிறவர்களுக்கும் தீனி உண்டு: டைட்டிலில் ஒலிக்கும் ராபர்ட்டா ஃப்ளாக்கின் பாட்டு 1969-இல் வெளிவந்தது, கதை நடப்பதோ 1963. வேண்டுமென்றே செய்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பாட்டும் பனிப்போர்ச் செய்திச் சுருள்களும் சேர்ந்து வரும் தொடக்கத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். 1945-க்குப் பிறகு பெர்லின் எப்படிப் பிளவுபட்டது என்ற வரலாறு முழுக்க அங்கேயே முடிந்துவிடுகிறது.

வீட்டில் எல்லோரோடும் பார்க்கலாமா? அமெரிக்கச் சான்று பிஜி-13, அதாவது 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசித்துக் காட்ட வேண்டியது. ஆரம்பத்தில் சோலோவின் ஓட்டல் அறையில் அரைகுறை ஆடையோடு ஒரு சிறு காட்சியும், மின்சார நாற்காலிச் சித்திரவதைக் காட்சி ஒன்றும் இருக்கின்றன. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பிரச்சினை. 116 நிமிடம், ஒரே மூச்சில் பார்க்கிற நீளம்.

பிடித்துவிட்டது, அடுத்து என்ன என்றால், அதே வருடத்து 'ஸ்பை'. மெலிசா மெக்கார்த்தி சி.ஐ.ஏ. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து களத்தில் இருப்பவர் காதுக்கு வழி சொல்லும் ஊழியர், திடீரென்று அவரே களத்தில் இறங்க வேண்டிய நிலை. இதில் சிரிப்பு முன்பக்கத்திலேயே இருக்கிறது, வாய் ஓயாது. ஆனாலும் அடிப்படை விதி ஒன்றுதான்: ஜேசன் ஸ்டேதம் தன் சாகசங்களை அடுக்கும்போது துளிகூடச் சிரிக்காமல், சத்தியமே செய்கிற முகத்தோடு அடுக்குகிறார். சமையலறைச் சண்டையில் மெக்கார்த்தியோடு மோதுவது ஹிந்திப் படங்களில் பார்த்த நர்கிஸ் ஃபக்ரி. வாணலி பறக்கிற அந்தச் சண்டையை ஒழுங்கான ஆக்‌ஷன் படத்துக்கு அமைப்பது போலவே அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் சிரிப்பு வருகிறது. ஆனால் இதற்கு அமெரிக்கச் சான்று 'ஆர்', 17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும். கெட்ட வார்த்தைகள் மழை மாதிரிக் கொட்டும், ஓரிரு காட்சிகளில் நிர்வாணமும் உண்டு. மாமனார் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம்.

பழைய காலத்து நிறமும் உடையும்தான் பிடித்தது என்பவர்களுக்கு 2006-இல் வந்த பிரெஞ்சுப் படம் 'ஓ.எஸ்.எஸ். 117', கெய்ரோவில் நடப்பது. இயக்குநர் மிஷெல் அசனவிசியுஸும் நடிகர் ஜான் துஜார்தானும் 'தி ஆர்ட்டிஸ்ட்' படத்துக்கு ஆஸ்கார் வாங்குவதற்கு முன்னால் சேர்ந்து செய்தது. அசட்டுத் தன்னம்பிக்கை கொண்ட உளவாளியை வைத்துப் பிரான்ஸின் காலனிய மிதப்பையே கிண்டலடிக்கிறது. எகிப்து வரலாறு கொஞ்சம் தெரிந்தால் இன்னும் ருசிக்கும்.

சோலோ, காபி, இலியா மூவரின் கிண்டல் பேச்சு பிடித்திருந்தால் நேராக 1963-க்கே போய்விடுங்கள்: ஸ்டான்லி டோனன் இயக்கத்தில் கேரி கிரான்ட்டும் ஆட்ரி ஹெப்பர்னும் நடித்த 'ஷராட்'. 113 நிமிடம், பாரிஸ், நிமிடத்துக்கு ஒரு பொய். வெளியானபோது பிரதிகளில் காப்புரிமை அறிவிப்பைச் சரியாகப் போடாமல் விட்டதால், அமெரிக்காவில் படம் அப்போதே பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளில் பல நிறம் வெளுத்து, வசனம் இரைச்சலில் மூழ்கி, ஓரம் வெட்டப்பட்டுக் கிடக்கும். ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஆல்ப்ஸ் மலைப் பனி சாம்பலாகவும் ஹெப்பர்ன் முகம் செங்கல் நிறமாகவும் தெரிந்தால் அதை மூடிவிட்டு, சீரமைக்கப்பட்ட பிரதியைத் தேடி எடுங்கள். காசு கொடுத்தாலும் பரவாயில்லை.